சூடேறினால் நிற்கும் வண்டி

வாகனங்களுக்கு வரும் பழுதுகளில், ஓயாமல் இருந்துகொண்டிருக்கும் பழுதைக் காட்டிலும் வந்து வந்து மறைந்துபோகும் பழுதே தொழிலாளியின் பொறுமையையும் புத்தியையும் அதிகமாகச் சோதிக்கிறது என்பதை இத்தொழிலில் நெடுங்காலம் பழகியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அறுந்த பெல்ட்டும் எரிந்த பியூஸும் பானெட்டைத் தூக்கிய மாத்திரத்தில் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். ஆனால் மலையேற்றத்தில் நின்று, அரைமணி நேரம் ஓய்ந்திருந்த பின் ஒன்றும் நடவாதது போலப் புறப்பட்டு, அதிகாலையில் சாதுவாகவும் நண்பகலில் பிடிவாதமாகவும் இருந்து, பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் நாள் முழுவதும் ஒரு குறையும் காட்டாமல் ஓடுகிற வண்டியை என்ன செய்வது? அத்தகைய வண்டிகளில் பலவற்றின் பழுதுக்குக் காரணமாக அமைவது கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு சென்சார். பழைய வண்டி ஒன்றை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகுந்த எங்கள் நாமக்கல் வட்டாரத்தில், அந்தச் சென்சாரின் சுபாவம் தெரியாமையால் வீணாகும் பணம் கொஞ்சமன்று. ஆகையால் அதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஓர் எண்ணம்.

நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரிகளாலும் எரிவாயு டாங்கர்களாலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளாலும் தேசமெங்கும் அறியப்பட்ட ஊர்கள். இவ்வூர்ப் பட்டறைகளில் தலைமுறையாக வளர்ந்த தொழிலறிவு பெரும்பாலும் காதாலும் கையாலும் பெற்ற அறிவு. நான் தொழில் பழகிய நாளில் டீசல் இன்ஜினுக்கு மின்சாரம் என்பது புறப்படுவதற்கு மட்டும் வேண்டிய ஒரு துணையாக இருந்தது. செல்ஃப் மோட்டார் ஒரு முறை சுழற்றிவிட்டால் பிறகு மின்சாரத்தின் தயவில்லாமலே இன்ஜின் தன் போக்கில் ஓடும். அதை நிறுத்துவதற்கே கம்பி ஒன்றைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. டீசலை அளந்து, உரிய கணத்தில் உரிய சிலிண்டருக்கு அனுப்பும் காரியம் முழுவதையும் பம்ப் ஒன்றே பார்த்துக்கொண்டது. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனம் 1927இல் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கிய அவ்வகைப் பம்பை, 1951இல் தோன்றிய பெங்களூர் மைக்கோ கம்பெனி நம் நாட்டு வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. பம்ப் என்ற சொல்லோடு மைக்கோ என்ற பெயரைச் சேர்த்தே சொல்லும் பழைய டிரைவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அக்காலத்தில் எலக்ட்ரீஷியனாகிய எனக்கு டைனமோ, செல்ஃப், விளக்கு, ஹாரன் இவற்றுக்கு அப்பால் இன்ஜினோடு அதிக சம்பந்தமில்லை.

டீசலை ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி, இன்ஜெக்டர்களை மின்சாரத்தால் திறந்து மூடும் காமன் ரெயில் முறை 1997இல் ஐரோப்பியக் கார்களில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் நான்கு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2017 ஏப்ரலில் எங்கும் அமலுக்கு வந்தபோது புது லாரிகளிலும் சென்சார்கள் நிறைந்துவிட்டன. ஜீப், கார் வகைகளில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவை வந்துவிட்டிருந்தன. இந்த மாறுதலைப் பழிக்கும் கட்சியைச் சேர்ந்தவனல்லேன் நான். சேலம் சாலையில் கரும்புகை கக்கிச் சென்ற வண்டிகளின் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும், புகை குறைந்தது எத்தனை பெரிய உபகாரம் என்பது. ஆனால் எந்த மின்சாரத்தின் தயவு இல்லாமல் இன்ஜின் ஓடியதோ, அதே மின்சாரம் ஒரு கணம் தவறினாலும் இனி இன்ஜின் ஓடாது என்ற நிலை வந்ததை உணர்ந்து நடக்க வேண்டிய கடமை எங்களுக்கு ஏற்பட்டது.

முதலில் நான் சொன்ன அந்தச் சிறிய சென்சார், கிராங்க் சென்சார்தான். அதன் அமைப்பு மிகவும் எளிமையானது. பழைய காமன் ரெயில் வண்டிகளில் பெரும்பாலும் காணப்படும் வகையில், ஒரு நிரந்தரக் காந்தம், அதோடு சேர்ந்த இரும்புத் துண்டு, அதைச் சுற்றித் தலைமயிரை ஒத்த மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், வெளியே வரும் இரண்டு வயர் ஆகியவற்றைத் தவிர வேறொன்றுமில்லை. ஃப்ளைவீலின் விளிம்பில் வெட்டப்பட்ட பற்கள் அதன் முனையை ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் கடந்து செல்லும்போதெல்லாம் காந்தப்புலம் ஏறி இறங்குகிறது. அந்த மாறுதலால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்துச் சொன்ன தத்துவமே இது. டைனமோவில் பெரிதாக நடப்பது இங்கே சிறிதாக நடக்கிறது. அறுபது பற்கள் இருக்க வேண்டிய வட்டத்தில் இரண்டை விட்டுவிட்டு 58 மட்டும் வெட்டியிருப்பார்கள். பல்லுக்குப் பல் 6 பாகை என்று எண்ணிக்கொண்டே வரும் ஈசிஎம் என்னும் கணினிப் பெட்டி, அந்த இரண்டு பல் வெற்றிடம் வந்ததும் கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிந்துகொள்கிறது. நிமிஷத்துக்கு 800 சுற்று என்ற சாதாரண ஐட்லிங் வேகத்திலேயே நொடிக்கு எழுநூற்றெழுபதுக்கும் அதிகமான துடிப்புகள் அந்த இரண்டு வயரின் வழியே போகின்றன. எந்த சிலிண்டரின் முறை என்று பிரித்துச் சொல்வதற்குக் கேம் சென்சார் என்று வேறொன்று உண்டு. எனினும் டீசலைத் தெளிக்க வேண்டிய கணத்தை நிர்ணயிப்பது கிராங்க் சென்சாரே. அதன் துடிப்பு நின்றால், இன்ஜின் சுற்றவில்லை என்று முடிவு செய்து, ஈசிஎம் இன்ஜெக்டர்களை மூடிவிடும்.

இத்தகைய எளிய பொருளுக்கு நோய் எப்படி வருகிறது? சுருளின் மெல்லிய கம்பியும் அதை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கும் உஷ்ணத்தால் ஒரே அளவில் விரிவதில்லை. நாள்தோறும் சூடேறியும் ஆறியும் பல்லாண்டுகள் கழிந்த பின், கம்பி வெளி முனையோடு சேரும் இடத்திலோ சுருளின் உள்ளேயோ மயிரிழை போல ஒரு பிளவு உண்டாகிறது. குளிர்ந்திருக்கும்போது பிளவின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் சென்சார் வேலை செய்யும். சூடேறி விரிந்தால் விலகிக்கொள்ளும். நோய் இருக்கும்போது பார்த்தாலன்றி அதைக் காண முடியாது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போதே கதவைத் தாழிட வேண்டும். போன பிறகு தெருவெல்லாம் தேடிப் பயனில்லை.

கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் மிளகும் வாழைத்தாரும் பலாப்பழமும் வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்கும் ஒரு வியாபாரி, பதினைந்து வருஷங்களுக்கும் மேல் ஓடிய தம் காமன் ரெயில் ஜீப்பை என்னிடம் கொண்டுவந்தார். காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. மலையோ ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். பாரத்தோடு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஏறும்போது இன்ஜின் உழைப்பு மிகுதி, எதிர்க்காற்றோ சொற்பம். அதனால் ஃப்ளைவீல் இருக்கும் பெல் ஹவுசிங்கைச் சுற்றி உஷ்ணம் தேங்கிவிடுகிறது. வண்டி நிற்பது பெரும்பாலும் அங்கேதான். என்னிடம் வருவதற்கு முன்பே வேறிடங்களில் டீசல் பில்டரை மாற்றியிருந்தார்கள், டாங்கைக் கழுவியிருந்தார்கள், பம்பைக் கழற்றிப் பார்த்திருந்தார்கள். கடைசியாக ஓரிடத்தில் ஸ்கேனரை மாட்டி, பி 0340 என்ற கோடு வந்ததைப் பார்த்துக் கேம் சென்சாரைப் புதிதாக மாற்றியும் கொடுத்திருந்தார்கள். அதன் பிறகும் வண்டி நின்றது.

நான் முதலில் எடுத்த உபகரணம் ஸ்கேனரன்று. அவரை உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். டீசல் குறைந்து நிற்கும் வண்டி திணறும், குலுங்கும், இழுவை குறைந்து குறைந்து நிற்கும். மின்சாரம் அறுந்து நிற்கும் வண்டி அப்படி நிற்பதில்லை. ஓட்டுகிறவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் பாதி பரீட்சை முடிந்த மாதிரி.

"திணறலெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா. சாவியத் திருப்பி அணைச்சாப்புல டப்புனு நின்னுருச்சுங்க" என்றார்.

"நிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு எங்க இருந்துச்சு, பாத்தீங்களா தம்பி?"

"ஒருக்கா எறக்கத்துல நின்னுச்சுங்க. வண்டி கியர்லயேதான் உருண்டுட்டு இருந்துச்சு. ஆனா முள்ளு ஜீரோவுக்குப் போயிருச்சுங்க. கிளச்ச மிதிக்காம அப்படியே ஓரங்கட்டிட்டேன்."

இந்தச் சாட்சியத்தைக் கேட்டவுடன் எனக்கு ஒரு பக்கம் பயமும் ஒரு பக்கம் தெளிவும் ஒருங்கே உண்டாயின. பயத்துக்குக் காரணம் உண்டு. பாரம் ஏற்றிய வண்டி வளைவில் நின்றுபோனால் பவர் ஸ்டியரிங்கின் உதவி போய்விடும். பிரேக்குக்கு வலுவூட்டும் வேக்குவம் பம்பும் இன்ஜினோடு சேர்ந்தே நின்றுவிடுவதால், இரண்டு மூன்று முறை மிதித்த பின் பெடல் கல்லாகிவிடும். அவர் கிளச்சை மிதிக்காமல் விட்டதால் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருந்தன, வேக்குவமும் ஸ்டியரிங்கும் கைவிடவில்லை. பிறகு பலருக்கும் இதை நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்: இறக்கத்தில் இன்ஜின் அணைந்தால் பதறிக் கிளச்சை மிதிக்கலாகாது, கியரிலேயே விட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி ஓரங்கட்ட வேண்டும். தெளிவு எதனால் என்றால், கியரில் உருளும் வண்டியில் கிராங்க் கட்டாயம் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றுகிற கிராங்கைச் சுற்றவில்லை என்று முள் காட்டினால், ஒன்று, கிராங்கின் செய்தி ஈசிஎம்முக்குப் போய்ச் சேரவில்லை. அல்லது ஈசிஎம்முக்கே மின்சாரம் போகவில்லை. பில்டரும் டாங்கும் பம்பும் அந்தக் கணமே சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன.

இவ்விரண்டில் எது என்று பட்டறையில் உட்கார்ந்து அனுமானித்துவிடலாம். ஆனால் அனுமானத்தை நம்பிப் பிறர் பணத்தைச் செலவழிக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. மெயின் ரிலேயின் உள்ளே பற்றவைப்பு விட்டுப்போனாலும், பாட்டரியின் எர்த் கம்பி துருப்பிடித்தாலும் சூட்டில் வண்டி நிற்கும். முதலில் எர்த்தைச் சோதித்தேன்: செல்ஃப் அடிக்கும்போது இன்ஜினுக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் இழப்பு மிகவும் சொற்பம். குளிர்ந்த நிலையில் கிராங்க் சென்சாரின் கப்ளரைப் பிரித்து அளந்ததில் 870 ஓம். அவ்வகைச் சென்சாருக்கு உரிய அளவு அதுவே. பலரும் இந்த இடத்தில் சென்சார் நல்லது என்று தீர்ப்பளித்து வேறு வழியில் இறங்கிவிடுகிறார்கள். குளிர்ந்த சுருளைக் குளிர்ந்த நிலையில் அளந்து கொடுக்கும் தீர்ப்புக்கு, சூட்டில் வரும் நோயைப் பற்றிச் சொல்ல அருகதை கிடையாது.

ஆகவே கப்ளரின் இரு முனைகளிலும் மெல்லிய வயர்களைச் சேர்த்து, கட்டிப் போட்டு, பானெட்டுக்குக் கீழே கைக்கெட்டும் இடத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, வழக்கமான பாரத்தை ஏற்றச் சொல்லி, நண்பகலில் அவரோடு மலையேறினேன். வண்டி வழக்கம் தவறாமல் நின்றது. சக்கரங்களுக்குக் கல் வைத்தபின் சாவியைத் திருப்பி ஸ்கேனரை மாட்டினேன்; ஈசிஎம் உடனே பேசியது. அதற்கு மின்சாரம் போகிறது என்பது இதனால் ருசுவாயிற்று. செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். இன்ஜின் சுழன்றது, ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றது. கப்ளரைப் பிரித்துச் சென்சார் பக்கம் மீட்டரை வைத்ததும் அளவே காட்டாமல் திறந்த சர்க்யூட் என்று சொல்லிவிட்டது. ஹார்னஸ் பக்கத்தில் கப்ளரிலிருந்து ஈசிஎம் வரை இரண்டு வயரும் அறுபடாமல் இருந்தன. இதைச் சோதிக்காமல் விட்டால், எலி கடித்த வயருக்காகப் புதுச் சென்சார் வாங்கும்படி நேரும். பிறகு ஈரத்துணியைச் சென்சாரின் தலைமீது சுற்றி வைத்துக் காத்திருந்தேன். மீட்டரில் ஆயிரத்துச் சொச்சம் ஓம் தோன்றியது. கப்ளரைச் சேர்த்ததும் முதல் செல்ஃபிலேயே வண்டி எழுந்துகொண்டது.

கேம் சென்சாரின் கோடு ஏன் வந்தது என்று ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கிராங்கின் துடிப்பு முழுவதும் அறுபடுவதற்கு முன் விட்டு விட்டு வரும் சில கணங்களில், கேமின் துடிப்பும் கிராங்கின் துடிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகின்றன. இரண்டில் எது பொய் சொல்கிறது என்று ஈசிஎம் சில சமயம் தவறாகக் கணித்துக் கேமைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. கோடு என்பது எந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்று ஈசிஎம் எழுதி வைத்த புகார். விசாரணை அதன் பிறகுதான் ஆரம்பமாக வேண்டும். ஸ்கேனர் மிகச் சிறந்த உபகரணம், நானும் அதில்லாமல் தொழில் செய்வதில்லை. என்றாலும் அது காட்டிய எண்ணுக்குரிய பொருளைக் கடையில் வாங்கி மாட்டுவதையே வைத்தியம் என்று நினைக்கும் வழக்கம் பெருகிவருவதைக் கண்டால் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. ஏழை வியாபாரிக்கு ஒரு சென்சாரின் விலை சில நாள் லாபத்துக்குச் சமானம்.

மாற்றும் வேலை பார்வைக்கு எளிது. பிடித்திருப்பது ஒரே போல்ட், அதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். ஆனால் பல வருஷச் சூட்டிலும் துருவிலும் சென்சார் தன் துவாரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரக்காரர்கள் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்புவார்கள். பிளாஸ்டிக் தலை கையோடு வந்துவிடும், மீதி உள்ளேயே நின்றுவிடும். துண்டு ஏதேனும் பெல் ஹவுசிங்குக்குள் விழுந்தால் கியர் பாக்ஸை இறக்கும்வரை காரியம் நீளும். பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, துருவிளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு, நேரம் கொடுத்து, இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருகித்தான் அதை எடுக்க வேண்டும். எடுத்த சென்சாரின் முனையை உடனே பார்ப்பது என் வழக்கம்: காந்தமாகையால் கிளச்சிலிருந்தும் ரிங் கியரிலிருந்தும் உதிர்ந்த இரும்புத்தூள் அதில் மீசை போல் படிந்திருக்கும், சில வண்டிகளில் அந்தத் தூளே துடிப்பைக் கெடுத்துவிடும். பல்லின் அடையாளம் முனையில் உரசியிருந்தால் பிரச்சினை வேறு. ஃப்ளைவீலையோ பேரிங்கையோ பார்க்காமல் புதுச் சென்சாரை மாட்டக்கூடாது. இந்த வண்டியில் உரசல் இல்லை.

துவாரத்தைத் துணியால் சுத்தம் செய்து, புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, கையாலேயே அழுத்திச் சென்சாரை உட்கார வைக்க வேண்டும். போல்ட்டின் பலத்தால் இழுத்து உட்கார வைத்தால் காது வெடித்துவிடும். இறுக்குவதற்கு மணிக்கட்டின் பலமே போதுமானது. வயர் செல்லும் வழியிலும் கவனம் வேண்டும்: சைலன்ஸர் குழாயைத் தொடாமலும், செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிளோடு சேர்த்துக் கட்டாமலும், பழைய கிளிப்புகள் இருந்த இடத்திலேயே அதைக் கொண்டுபோக வேண்டும். கப்ளர் பொருந்தவில்லை என்று இரண்டு வயரையும் வெட்டி முறுக்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. அவை இடம் மாறினால் அலை தலைகீழாகிவிடும். அந்த இரண்டு பல் வெற்றிடத்தை ஈசிஎம் சரியாகப் படிக்காது. இன்ஜின் புறப்படவே சிரமப்படும். புதுச் சென்சார் பழுது என்று அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

பழைய வண்டிக்குப் பொருள் கிடைப்பதே இக்காலத்தில் ஒரு பிரயாசை. நாமக்கல்லில் கிடைக்காததைச் சேலத்தில் தேடுவோம். அசல் பெட்டியைப் போலவே அச்சிட்ட பெட்டியில் பாதி விலைக்குப் போலிகளும் வருகின்றன; காந்தம் பலவீனமாக இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது மெதுவாகச் சுழலும் பற்களால் போதிய மின்னழுத்தம் எழாது. அதனால் புதுச் சென்சாரை மாட்டியவுடன், செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்துவிடுவேன். பழைய இரும்புக் கடையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த சென்சாரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் திடமானது: கதவையும் விளக்கையும் தாராளமாக வாங்கலாம், சுருள் உள்ள பொருளை வாங்கக்கூடாது. அதுவும் இதே போல் எத்தனையோ கோடைகளைத் தாண்டி வந்ததுதான்.

புதியதை மாட்டிய பின் கோடுகளை அழித்து, அதே பாரம், அதே பாதை, அதே நண்பகல் என்று மறுபடியும் மலையேறினோம். வண்டி நிற்காமல் செம்மேடு போய்ச் சேர்ந்தது. அங்கேயே கப்ளரைப் பிரித்து அளந்து, குறித்தும் வைத்துக்கொண்டேன்.

கீழே வந்ததும், என்னிடம் வேலை பழகும் பையனையும் வியாபாரியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பழைய சென்சாரை மேஜைமேல் பிடித்து, சற்று எட்ட இருந்து ஹீட் கன்னால் சூடேற்றினேன். 870இல் தொடங்கிய ஓம் மெள்ள மெள்ள ஏறியது. இதைக் கண்டு "ஏறுது பாருங்கண்ணா, போயிருச்சு" என்றான் பையன். இல்லை. செப்பின் தடை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குப் போகையில் நாலில் ஒரு பங்குக்குச் சிறிது மேலாகக் கூடும். ஆகவே 1100 வரை போவது செப்பின் இயல்பு, மேலே செம்மேட்டில் புதியதும் அந்த விகிதத்தில்தான் கூடியிருந்தது. குறிப்பேட்டைத் திறந்து அவனுக்கு அதைக் காட்டினேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் எண் ஒரு கணம் தடுமாறி, அளவே இல்லாமல் போயிற்று. ஆறவிட்டதும் திரும்பி வந்தது.

வியாபாரி வண்டியின் டாஷ்போர்டைத் திறந்து, முன்பு கழற்றிக் கொடுத்திருந்த பழைய கேம் சென்சாரை எடுத்து வந்து, இதையும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அது ஹால் வகை, மூன்று வயர். 5 வோல்ட்டும் எர்த்தும் கொடுத்து, சிக்னல் வயரை ஒரு ரெஸிஸ்டர் வழியாக அந்த 5 வோல்ட்டோடு சேர்த்து, முனைக்கு எதிரே ஸ்பேனரைக் கொண்டுபோய் எடுத்ததில், சிக்னல் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக மாறிற்று. சூடேற்றியும் பார்த்தேன், மாறுதல் தவறவில்லை. அதைக் காகிதத்தில் சுற்றி, இன்ன சென்சார், நல்ல நிலை என்று மேலே எழுதி, ஜாக்கியோடு டூல்ஸ் பையில் போட்டு வைத்துக்கொள்ளும்படி சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.